அப்பா சிரித்துக்கொண்டே இருக்கிறார்

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் உன் மனைவியும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்குப் பல் விழுந்துவிட்டதா, இன்னும் நூல் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறாளா?

மாற்றல் கிடைத்து ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். கால்நடை மருத்துவமனைக்குப் பின்னாலேயே குடியிருப்பு. ஜன்னலைத் திறந்தால் ஊசிக்குக் காத்திருக்கும் மாடுகள் என்னை முறைக்கின்றன. மூடினால் நாய்கள் கத்துகின்றன. எல்லைப்புறத்தில் வருடக்கணக்காகக் கிடந்தவளுக்கு இதுவே அரண்மனை.

நேற்று அப்பாவைப் போய்ப் பார்த்தேன். அம்மா போன பிறகு அவரை அந்த இல்லத்தில் சேர்க்க நீ ஒருவன்தான் அலைந்தாய். எனக்கு அப்போது விடுப்புகூடக் கிடைக்கவில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு. இடம் சுத்தமாக இருக்கிறது. வாசலில் பெரிய பலகை: 'இங்கே கவலைக்கு இடமில்லை.'

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தாரடா! ஊரெல்லாம் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து ஓய்வு பெற்ற மனிதர். குறை கண்டுபிடிப்பதற்காகவே அரசாங்கம் சம்பளம் கொடுத்த மனிதர். நான் கால்நடை மருத்துவப் படிப்பில் முதலாவதாகத் தேறியபோதுகூட, 'கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு' என்றவர். அங்கே அவருக்குக் கொடுத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. ஒரு குறையும் சொல்லாமல் குடித்தார். 'சௌகரியமா இருக்காப்பா?' என்றேன். 'எல்லாம் நல்லா இருக்கு' என்றார். அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தேன். அதற்கும், 'எல்லாம் நல்லா இருக்கு' என்றார்.

வயதாகிவிட்டது, கனிந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

'எதுவா இருந்தாலும் எழுத்துல குடு' என்று வளர்த்த வீடு நம்முடையது. அதனால் போனில் கேட்காமல் எழுதுகிறேன். பதில் போடு.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் சுகம். பல் விழுந்தது. விழுந்த பல்லைத் தர மறுத்து டப்பாவில் வைத்திருக்கிறாள்.

அப்பா சிரித்தாரா? நல்ல செய்திதானே! எழுபது வருடம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். இந்தப் பருவத்தில் மாணவர்களுக்கு அந்த நாவலைத்தான் பாடம் நடத்துகிறேன். நாம் இருவரும் விடுமுறையில் ஒரே பிரதியை இரண்டாகக் கிழித்துப் படித்தோமே, அதுதான். எல்லாரும் சந்தோஷமாக இருந்தே தீரவேண்டிய நகரத்தின் கதை. பூட்டிக் கிடக்கும் நம் வீட்டில், என் மேசை இழுப்பறையில் அது இருக்கும். கிழிந்த இரண்டு பாதியையும் அம்மா நூல் போட்டுத் தைத்து வைத்தாள். பதினெட்டு வயதில் ஓரங்களில் ஆவேசமாக ஏதேதோ எழுதியிருக்கிறேன். அதை வகுப்பில் காட்டவேண்டும். எடுத்து அனுப்பு.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த நகரம் ஏன் பயங்கரமானது என்றே புரியவில்லை அக்கா. 'சிறை இல்ல, அடி இல்ல, பசி இல்ல. அப்புறம் என்ன சார் குறை?' என்று ஒருவன் கேட்டான். அன்றைக்கு மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாடு உதைக்காத பக்கமாக நில்.

உன் தம்பி

*

மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

நலம். இங்கே மாடுகளும் நலம், உதைப்பதில் குறை வைக்கவில்லை.

வீட்டைத் திறந்து புத்தகத்தை எடுத்துவிட்டேன். தூசி தட்டியதில் ஒரு நாள் முழுக்கத் தும்மல். உடனே அனுப்பியிருப்பேன், ஒரு பக்கம் படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அந்த ஆறுதல்காரர்களை மறந்தே போயிருந்தேன். தெருவுக்கு இரண்டு பேர். யாராவது முகம் வாடினால் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். மிரட்டமாட்டார்கள். 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று அவன் தன் வாயால் சொல்லும்வரை கையை விடமாட்டார்கள், அவ்வளவுதான். குழந்தையைப் பறிகொடுத்த அந்த விளக்குத் துடைப்பவன் மட்டும் சொல்ல மறுக்கிறான். அழுவதற்கு ஓர் இடம் தேடி ஊரைவிட்டே உப்பளத்துக்கு ஓடுகிறான். சின்ன வயதில் படித்தபோது அவன் ஓடுவதுதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தெரிகிறார்கள். நல்லவர்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஓரத்தில் நீ எழுதியிருப்பது: 'என் துக்கத்தை என்னிடமிருந்து எடுக்க எவனுக்கும் உரிமை இல்லை!' மூன்று முறை அடிக்கோடு. தாளே கிழிந்திருக்கிறது.

அப்பாவை மறுபடி மறுபடி போய்ப் பார்த்தேன். தம்பி, நான் மிருக வைத்தியச்சிதான். ஆனால் மயக்க ஊசி போட்ட கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் காலை இழுத்து இழுத்து நடக்கிறார். கை நடுங்குகிறது. வாயோரம் எச்சில் வழிவது அவருக்கே தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் முன்னாள் பாட்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் அதே நடை, அதே சிரிப்பு. ஒரே அச்சில் வார்த்த மாதிரி.

அப்பாவுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? இதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள். தேர்வுத்தாள் மலைபோலக் குவிந்துவிட்டது. குட்டிக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. மாடி வீட்டுக்காரர் குழாயை உடைத்துவிட்டதில் எங்கள் கூடத்துச் சுவர் முழுக்க ஈரம். வீட்டுக்காரரோடு தினமும் மல்லுக்கட்டு.

நாவல் பாடம் நன்றாகப் போகிறது. ஆறுதல்காரர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒரு கருத்தரங்குக்குத் தேர்வாகியிருக்கிறது. தலைப்பு: 'அன்பின் பெயரால் ஆளுதல்.' புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை. கருத்தரங்குக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

வெயிலில் அலையாதே.

உன் தம்பி

*

ஏப்ரல் 29

தம்பிக்கு,

நான் நலம். விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குழாய் இருக்கிறது, சுவர் இருக்கிறது, கருத்தரங்கு இருக்கிறது. அப்பா என்ற சொல்லே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பெற்ற தகப்பனையே மறைத்தவன் நீதான்.

சரி, நானே போய்க் கேட்டேன். இல்லத்தின் மேற்பார்வை அம்மாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

'அப்பாவுக்கு என்ன மருந்து குடுக்கறீங்க?'

'மனசு லேசாகறதுக்கு ஒண்ணு. பெரிசா ஒண்ணும் இல்ல மேடம்.'

'அவர் மனசுக்கு என்ன வியாதி?'

'வியாதின்னு இல்ல. வந்த புதுசுல சாப்பாட்டு நேரத்துல அழுவாரு. சத்தமா. பக்கத்துல இருக்கறவங்களும் ஆரம்பிச்சிடுவாங்க. ஒருத்தர் அழுதா கூடமே அழும். பார்க்க வர்றவங்களுக்கு என்ன தோணும், சொல்லுங்க?'

'பொண்டாட்டி செத்துப்போனா மனுஷன் அழமாட்டாரா?'

'அழலாம் மேடம். ஒரு வாரம், பத்து நாள். இவரு நிறுத்தவே இல்லையே!'

'யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?'

அந்த அம்மாள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். 'உங்க தம்பியத்தான். போன் போட்டுக் கேட்டோமே! "அவர் அழாம இருந்தாப் போதும், என்ன வேணும்னாலும் குடுங்க"ன்னு சொன்னாரு. தங்கமான மனுஷன். காலேஜ்ல பெரிய வாத்தியாராமே?'

ஆமாம், பெரிய வாத்தியார். அன்பின் பெயரால் ஆளுவதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற வாத்தியார். ஊருக்குத்தான் உபதேசம்.

மாத்திரை அட்டையை வாங்கிப் படித்தேன். எனக்குத் தெரிந்த மனநல டாக்டர் ஒருவரிடமும் காட்டினேன். புத்தி தடுமாறி அடுத்தவரை அடிக்க வருபவர்களுக்குக் கொடுக்கிற மருந்து அது. அப்பா யாரை அடித்தார்? அவர் அழுதார்! நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்காக அழுதார். அதற்குத் தண்டனையா இது?

புத்தகத்தை அனுப்பமாட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்த உனக்கு யோக்கியதை இல்லை.

அக்கா

*

மே 7

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நன்றாகத் திட்டியிருக்கிறாய். இப்போது நான் சொல்வதையும் கேள்.

நீ எல்லைப்புறத்தில் இருந்தாய். அப்பாவின் கடிதங்கள் உனக்கு வரவில்லை, எனக்கு வந்தன. வாராவாரம். 'உன் அம்மா கட்டில் காலியாக இருக்கிறது. நான் ஏன் இன்னும் இருக்கிறேன்?' இதே கேள்விதான், வேறு வேறு வார்த்தையில். மை கலைந்திருக்கும். அதைப் படித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போவேன். ஒரு நாள் பாடத்தின் நடுவில் எனக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றேன். அப்புறம் கடிதங்களைப் பிரிக்காமல் வைக்க ஆரம்பித்தேன். இது உனக்குத் தெரியுமா?

ஒரு மனிதர் துடிக்கிறார். துடிப்பைக் குறைக்க மருந்து இருக்கிறது என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நாவல் நாவல்தான் அக்கா. அழுவது உரிமை என்று காகிதத்தில் எழுதலாம். அந்த அழுகையை வாராவாரம் பிரித்துப் படிப்பது வேறு. நீ உன் நாய்களுக்கு வலி மருந்து தருவதில்லையா? இன்றைக்கு அவர் நிம்மதியாக இருக்கிறார். அந்த நிம்மதியைப் பறித்து உனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஜூன் 2

தம்பிக்கு,

வலியில் துடிக்கிற நாய்க்கு மருந்து தருவேன். குரைக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னதற்காகத் தரமாட்டேன். அப்பாவின் துடிப்பையா குறைத்தாய்? உன்னுடையதைக் குறைத்துக்கொண்டாய். மாத்திரை உனக்கு, விழுங்கியது அவர்.

இதைக் கோபத்தில் எழுதினேன். அந்த வரியை அடித்துவிடப் போனேன், ஆனால் அடிக்கவில்லை. உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன்.

அப்பாவை என்னிடம் அழைத்து வந்துவிட்டேன். டாக்டர் சொன்னபடி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இப்போது அடியோடு நிறுத்தியாயிற்று. எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் இந்த வீட்டில் இனிமேல் பொய் வேண்டாம். கஷ்டமாக இருக்கிறது. முதலில் கை நடுக்கம் போயிற்று. அடுத்து சிரிப்பு போயிற்று. அதற்கடுத்த நாள் காலையில் சமையலறைக்கு வந்து நின்றார். 'உங்கம்மா எங்க?' என்றார். எனக்கு உயிரே போயிற்று. மறந்துவிட்டாரோ என்று பயந்தேன். மறக்கவில்லை. புதைத்த இடத்துக்கு இங்கிருந்து எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார். கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவர் போட்ட சத்தத்தில் இடுகாட்டுத் தோட்டக்காரர் ஓடிவந்தார்.

அன்றிலிருந்து அழுகை. தட்டைத் தள்ளுகிறார். நேற்று என்னைப் பார்த்து, 'என்னை எதுக்கு எழுப்பின?' என்று கத்தினார். பின்கட்டுக்குப் போய் ஒரு கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆனால் இன்று காலை டீயைக் கையில் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். 'இது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியா?' என்றார். ஓவென்று சிரித்துவிட்டேன். அதற்கும் திட்டு விழுந்தது.

குட்டிக்கு என் முத்தம்.

அக்கா

*

ஜூலை 1

தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. பரவாயில்லை. நடந்ததைச் சொல்லவேண்டியது என் கடமை.

மற்றவர்களை அப்படியே விட்டுவர மனம் ஒப்பவில்லை. சுகாதார அதிகாரிக்குப் புகார் எழுதினேன். வந்து சோதித்தார்கள். பாட்டு வாத்தியார் உட்படப் பாதிப் பேருக்கு அதே மாத்திரை. தகுந்த டாக்டர் நேரில் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்கள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மறுவாரம் நான்கைந்து பேர் மருத்துவமனைக்கே தேடி வந்தார்கள். உள்ளே இருக்கிற கிழவர்களின் பிள்ளைகள். நன்றி சொல்ல வந்திருப்பார்கள் என்று நினைத்து நாற்காலி போடச் சொன்னேன். ஒரு பெண் உட்காரவே இல்லை. 'எங்கம்மா சந்தோஷமா இருந்தாங்க. இப்ப பார்க்கப் போனா கையைப் புடிச்சிக்கிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு அழறாங்க. நான் ரெண்டு ஷிப்டு வேலை பார்க்கறேன். எங்க கூட்டிட்டுப் போறது? நீங்க வச்சுக்கறீங்களா?' என்று கேட்டாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

தம்பி, அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு ஷிப்டு போட்டு உயிரை வாங்குகிறவன் மேல் வந்தது. அழுகிற தாயோடு உட்கார ஒரு மணி நேரம் தராத உலகம், மாத்திரையை மட்டும் வேளாவேளைக்குத் தருகிறதே, அதன் மேல் வந்தது. உன் மேலும் இன்னும் இருக்கிறது. ஆனால் முன்பு மாதிரி இல்லை.

பாட்டு வாத்தியாரை அப்பா இப்போது தினமும் போய்ப் பார்க்கிறார். இருவரும் உட்கார்ந்து இல்லத்துச் சாப்பாட்டைத் திட்டுகிறார்களாம்.

அப்பா உனக்கு எழுதப்போவதாகச் சொல்கிறார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படி.

அக்கா

*

ஜூலை 15

மகனுக்கு,

அப்பா எழுதுவது. ஆசீர்வாதம். மருமகளும் பேத்தியும் சுகம் என்று நம்புகிறேன்.

என்ன நடந்தது என்று உன் அக்கா முழுவதும் சொன்னாள். நான்தான் சொல்லவைத்தேன். நான் உயிரோடு இருக்கும்போது என் தலைக்குள் என்ன போகவேண்டும் என்று என்னைக் கேட்காமல் முடிவு பண்ண உனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? கல்லை மாற்றி எடை போட்டவனைக்கூட நேரில் நிறுத்தி, 'என்னய்யா சொல்றே?' என்று கேட்டுவிட்டுத்தான் அபராதம் போட்டிருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

என் கடிதங்களைப் படிக்க முடியவில்லை என்றால், 'எழுதாதீங்கப்பா, தாங்க முடியல' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். கோபித்துக்கொண்டிருப்பேன். செத்திருக்கமாட்டேன்.

உன் புத்தகத்தைப் படித்தேன். எழுத்து பொடி, கண் வலிக்கிறது. அந்த விளக்குத் துடைக்கிறவன் முட்டாள். பெற்ற பிள்ளைக்காக அழ எதற்கு உப்பளத்துக்கு ஓடவேண்டும்? நடுத்தெருவில் உட்கார்ந்து அழவேண்டியதுதானே! எத்தனை பேர்தான் கையைப் பிடிப்பார்கள், அவர்களுக்கும் கை வலிக்காதா?

காகிதத்தில் திட்டினால் எனக்குத் திருப்தியாக இல்லை. ஆள் எதிரில் வேண்டும். புறப்பட்டு வா.

அப்பா

*

ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலமாக வீடு வந்து சேர்ந்தேன். நான் வந்த நேரம் பார்த்து நீ மாடுகளுக்குத் தடுப்பூசி போட ஊர் ஊராகக் கிளம்பிவிட்டாய். வேண்டுமென்றே போனாய் என்பது என் சந்தேகம். நடந்ததை எழுத்தில் கொடுத்துவிடுகிறேன்.

அப்பா என்னை வாசலிலேயே நிறுத்தி ஆரம்பித்தார். செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை. ஏழாம் வகுப்பில் நான் தொலைத்த குடையிலிருந்து எல்லாம் வந்தது. உன் உதவியாளர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு இடத்தில், 'எனக்கும் முடியலப்பா' என்றேன். 'முடியலன்னா முடியலன்னு சொல்லணும். ஆளை ஊமையாக்கக் கூடாது' என்றார்.

சாப்பிட உட்கார்ந்தோம். நடுவில் அவர் கை நின்றுவிட்டது. அம்மா இருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் போட்டிருப்பாள் என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அழுதார். 'அழாதீங்கப்பா' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது அக்கா. வாயில் இருந்த சோற்றோடு சேர்த்து விழுங்கினேன். எழுந்து போகவும் இல்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் அழுது முடித்தார். மூக்கைச் சிந்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

'ஏண்டா, அவ உனக்கும் அம்மாதானே? உனக்கு ஒரு சொட்டுக்கூட வரலியா?'

வரவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஊர் தாண்டி, பாலம் தாண்டி, காரணமே இல்லாமல் வந்தது. அம்மா போனபோது வராதது, அப்பாவின் கடிதங்களைப் படித்தபோது வராதது, எல்லாம் ஒன்றாக வந்தது. துண்டை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. எதிர் இருக்கையில் ஓர் அம்மாள். பாவம், நல்லவர். பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். 'அழாதீங்க தம்பி, எல்லாம் சரியாயிடும். கொஞ்சம் சிரிங்க பார்க்கலாம்' என்று ஒரு மிட்டாயை நீட்டினார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்!

'கையை விடுங்கம்மா. எங்கம்மா செத்துட்டாங்க. நான் இன்னும் முடிக்கல' என்றேன்.

அவர் கையை விட்டுவிட்டார். அடுத்த நிலையம் வரும்வரை அழுதேன்.

உன் தம்பி